சயாமா வைத்த பெயர்

தலை வலிக்கிறது என்று சொன்னால் சயாமாவுக்குப் பிடிக்காது. "தலைவலியா, கோவமா? சரியாச் சொல்லு," என்பார். கோபம்தான். அன்று காலை குழைந்துபோன சோற்றுக்காக மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தேன். அதைப் பற்றி நான் அவரிடம் மூச்சு விடவில்லை. நெற்றியைப் பிடித்துக்கொண்டு டீக்கடை முக்காலியில் உட்கார்ந்தவளை ஒரு பார்வை பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். அதோடு விட்டாரா? மாமியார் மேலா, புருஷன் மேலா என்று அடுத்த கேள்வி. ஒரு மனுஷிக்குத் தன் தலைவலியைத் தலைவலியாகவே வைத்துக்கொள்ள உரிமை கிடையாதா என்று எனக்கு எரிந்துகொண்டு வந்தது. ஆனால் டீ குடித்து முடிப்பதற்குள் தலை லேசாகிவிட்டது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

எல்லோரும் அவரைச் சயாமா என்றுதான் கூப்பிடுவார்கள். பர்மாக்காரர்கள் டீச்சரம்மாவையும் டாக்டரம்மாவையும் கூப்பிடுகிற சொல் அது. இவர் டீச்சரும் இல்லை, டாக்டரும் இல்லை. வெள்ளம், புயல், தீ என்று எங்காவது ஏதாவது நடந்தால், முதலில் அரிசியும் தார்ப்பாயும் போகும். அதற்குப் பிறகு, தப்பிப் பிழைத்தவர்களின் மனசு எப்படி இருக்கிறது, யாருக்கு என்ன உதவி வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வர உதவி நிறுவனங்கள் ஆள் அனுப்பும். அப்படி ஒரு நிறுவனத்தில், கேட்கப் போகிற ஆட்களுக்கெல்லாம் இவர் தலைமை. தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற இடம் என்றால் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். எங்களோடு வேலை பார்த்த இளவட்டங்களுக்குத் தமிழ் சொன்னால் புரியும், பேசச் சொன்னால் பர்மீஸில்தான் வாய் திறக்கும். அந்த ஓட்டையை அடைக்க நான்.

அவர் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. உயிரோடு இருக்கிறார், இதே ரங்கூனில்தான் இருக்கிறார். அந்த வேலையை நாங்கள் இரண்டு பேருமே விட்டுவிட்டோம். நான் தாமுவேயில் போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டு வாசலில் இறங்கிவிடலாம். பல வருடமாக இறங்கவில்லை. அவர் மேல் எனக்குப் பிரியம் உண்டு, கோபமும் உண்டு. இரண்டில் எது ஜாஸ்தி என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மிங்கலா தாங்ஞுன்டில் ரயில்வே லைன் ஓரம் பிறந்து வளர்ந்தவர். தாத்தா ரயில்வேயில் வேலை பார்க்கக் கப்பல் ஏறி வந்தவர், அம்மா பர்மாக்காரி. வீட்டில் புத்தர் பீடமும் உண்டு, மாரியம்மன் படமும் உண்டு. அவர் இரண்டு பக்கமும் கை கூப்பி நான் பார்த்ததில்லை. தமேன் என்கிற பர்மா லுங்கியைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கன்னத்திலும் தனக்காப் பட்டை அரைத்த சாந்தை வட்டமாகப் பூசிக்கொண்டு வருவார். வெற்றிலை என்றால் உயிர். ஆனால் வேலைக்குப் போகும் நாளில் தொடமாட்டார். எதிரே இருக்கிறவள் வாய் திறக்கிற நேரம் பார்த்து நாம் துப்புவதற்கு எழுந்து போனால், அவள் திரும்பவும் வாய் திறக்கமாட்டாள் என்பார். அந்த மாதிரி நுணுக்கமெல்லாம் அவருக்கு ஊறிப்போனது.

"எப்படி இருக்கீங்க" என்று அவர் யாரையும் கேட்டதில்லை. நாங்கள் கேட்டால் திட்டுவார். இந்த ஊரில் ஆனாதே என்று ஒன்று இருக்கிறது. அடுத்தவருக்குச் சங்கடம் கொடுக்கக் கூடாது என்று நம் சங்கடத்தை விழுங்கிவிடுவது. தமிழனானாலும் பர்மாக்காரனானாலும் இங்கே பிறந்தவனுக்கு அது ரத்தத்தில் ஓடும். வீடு ஆற்றோடு போயிருக்கும், நாம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்போம், பரவாயில்லை என்று சொல்லி நமக்கு உட்காரப் பாய் தேடுவார்கள். பழக்கமில்லாத ஆட்கள் அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்து, அந்தப் பேட்டையில் எல்லோரும் தைரியமாக இருக்கிறார்கள் என்று முடிவு கட்டுவார்கள். சயாமா கேட்பது வேறு. நேற்று யார் ஆக்கினது? முதலில் யார் சாப்பிட்டது? படுக்கும்போது எந்தப் பக்கம் தலை வைக்கிறீர்கள்? இப்படிச் சோறு, பாய், தண்ணீர்க் குடம் என்று கேட்டுக்கொண்டே போவார். அதற்குள் எல்லாம் வந்துவிடும்.

ஒரு புத்த மடத்தில் வெள்ளத்துக்குப் பிறகு ஆட்களைத் தங்க வைத்திருந்தார்கள். அதில் ஒரு பெரியவர். மனைவியைப் பறிகொடுத்தவர், ஆனால் யார் அழுதாலும் சிரிப்பார். அடக்க முடியாமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரிப்பார். கல்நெஞ்சுக்காரக் கிழவன் என்று பக்கத்தில் யாரும் பாய் விரிக்கவில்லை. சயாமா அவரிடம் எங்கே படுக்கிறீர்கள் என்று கேட்டார். படுப்பதில்லை, தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்றார் அவர், அதையும் சிரித்துக்கொண்டே. சயாமா எழுந்து கூடத்தின் நடுவில் நின்று எல்லோரும் கேட்கும்படி பர்மீஸில் சொன்னார். இவர் சிரிக்கவில்லை, இது பயம். பயத்துக்கு வேறு வழி தெரியாமல் சிரிப்பாக வெளியே வருகிறது. அவ்வளவுதான். அன்று சாயங்காலமே அவரைத் தண்ணீர் எட்டாத மாடிக்கு ஏற்றினார்கள். அக்கம்பக்கத்துப் பொம்பளைகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பெரியவர் படுத்துத் தூங்கினார். எனக்கு அவரைப் பார்த்து அழுகை வந்தது, சயாமாவைப் பார்த்தும் வந்தது.

"எதுக்கும் அதோட பேரைச் சொல்லிடணும். பேரு தெரிஞ்சா பாதி பாரம் கொறஞ்சிரும்," என்று படகில் திரும்பும்போது சொன்னார். இதை அவர் எத்தனை தடவை சொல்லிக் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை.

எங்கே சொல்லலாம், எங்கே வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் என்கிற விவஸ்தை மட்டும் அவருக்கு வரவே இல்லை. தாமுவேயில் ஒரு கல்யாணம். பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சந்தோஷத்தில் அழுகை வருகிறது என்றாள். யாராவது அதைக் கிளறுவார்களா? சயாமா அவள் தோளில் கை வைத்து, சந்தோஷம் இல்லை, மாப்பிள்ளையைப் பார்த்துப் பயப்படுகிறாய் என்றார். பந்தியில் இலை போட்டிருந்த நேரம். மாப்பிள்ளையின் அக்கா காதில் விழுந்து, அங்கே எழுந்த கூச்சலை அடக்க அரை மணி நேரம் ஆனது. அடுத்த வருடம் அந்தப் பெண் மூட்டை முடிச்சோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டது உண்மைதான். சயாமா சொன்னது சரியாகத்தான் இருந்தது. அவர் சொல்வது எப்போதும் சரியாகத்தான் இருக்கும், அதுதான் வினையே.

ஒரு வருடம் புயல் வந்தபோது ஆறு ஏறி, ரங்கூனுக்கு எதிர்க்கரையில் இருக்கிற டாலாவுக்குள் வந்தது. கரையோரம் குடிசை போட்டிருந்த தமிழ்க் குடும்பங்கள் அம்மன் கோயில் கூடத்தில் ஒண்டிக்கொண்டன. அதில் ஒருத்தி செல்வி. புருஷன் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா மிதித்துக்கொண்டிருந்தவன். அவனையும் நடக்கப் பழகாத சின்னப் பெண்ணையும் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருந்தது செல்வியும் மூத்தவள் மீனுவும். மீனுவுக்கு எட்டு வயசு இருக்கும்.

கூடத்துக்கு வந்த புதிதில் செல்வி பேசவே இல்லை என்றார்கள். கதவோரத்தில், சாரல் அடிக்கிற இடத்தில் பாய் கிடைத்தது. அங்கேயே மகளைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். பிறகு ஒரு நாள் சாயங்காலப் பூஜையில் மணி அடிக்கும்போது அவள் உடம்பு ஆட ஆரம்பித்தது. தலை அவிழ்ந்தது. யார் வந்திருக்கிறது என்று பூசாரி கேட்டார். ஆத்தா வந்திருக்கேன் என்றாள். வேப்பிலை கொடுத்தார்கள், உள்ளங்கையில் சூடம் ஏற்றினார்கள். கை சுடவில்லை. சாமி வந்தவளைக் கதவோரத்தில் போட எந்தத் தமிழனுக்குத் துணிச்சல் வரும்? கருவறைப் பக்கம், காய்ந்த இடத்தில், பலகை போட்டு உட்கார வைத்தார்கள். மஞ்சள் சேலை வந்தது, பால் வந்தது, பழம் வந்தது. முதல் தட்டுச் சோறு மீனுவுக்குப் போனது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்துகூட ஆட்கள் படகேறி வந்து, மலேசியாவுக்குப் போன மகன் ஏன் போன் பண்ணவில்லை என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, ஆத்தா அரிசியைப் பற்றிக் கேட்கிற வரைக்கும். கூடத்தில் இருந்தவர்களுக்கென்று வந்த அரிசி மூட்டைகள் கோயில் உக்கிராண அறையில் பூட்டிக் கிடந்தன. அளந்து அளந்து கொஞ்சம்தான் வெளியே வரும். மிச்சம் எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. அதற்கும் ஆனாதே. ஒரு நாள் செல்வி ஆடிக்கொண்டே கோயில் தலைவர் முன்னால் போய் நின்று, "எம் புள்ளைகளுக்கு வந்த அரிசி எங்கடா?" என்று கேட்டாளாம். தலைவருக்கு வயது அறுபதுக்கு மேல், டாலாவில் அவரை 'டா' போட ஆள் கிடையாது. ஆத்தா போடலாம். அவர் தேங்காய் உடைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு அறையைத் திறந்துவிட்டார். அதற்குப் பிறகு வாரா வாரம் ஆத்தா கேட்டாள், வாரா வாரம் அறை திறந்தது.

இந்த நேரத்தில்தான் நாங்கள் போனோம். பகலில் சயாமா செல்விக்கு எதிரே உட்கார்ந்து வழக்கம்போல் சோறு, பாய், குடம் என்று கேட்டார். செல்வி எல்லாவற்றுக்கும் பரவாயில்லை, ஒரு குறையும் இல்லை என்றே பதில் சொன்னாள். முகம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. சயாமாவிடம் மனசு திறக்காதவளை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். சயாமா சாயங்காலப் பூஜைக்கும் இருந்துவிட்டுப் போகலாம் என்றார்.

ஆத்தா வந்தாள், அரிசி கேட்டாள், மலேசியாக் கேள்விகளுக்குப் பதில் சொன்னாள். கேட்க வந்தவர்கள் விபூதி வாங்கிக்கொண்டு நகர்ந்த பிறகும் அவள் ஆடிக்கொண்டுதான் இருந்தாள். குரல் இறங்கிப்போய், "கை வழுக்கிருச்சு, கை வழுக்கிருச்சு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பக்கத்தில் ஒருத்தி, ஆத்தா ஆத்துத் தண்ணியைப் பத்திச் சொல்லுறா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சயாமா மட்டும் தரையில் முழங்காலிட்டு, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டுக்கொண்டிருந்தார். சின்னப் பெண்ணின் கை. வேறு என்ன?

படகில் வரும்போது அவர், இது சாமி இல்லை, சொல்லியாக வேண்டும் என்றார். நான் வேண்டாம் என்றேன். "சாமின்னே இருந்துட்டுப் போகட்டுமே சயாமா. அந்தப் பேருக்காவது சோறு கெடைக்குது."

"பொய்ப் பேருக்கு எத்தனை நாளைக்குச் சோறு போடுவாக? அழ வேண்டியவ ஆடிக்கிட்டு இருக்கா. இப்படியே விட்டா ஒரு நா அந்தப் புள்ளை போன தண்ணிக்குள்ள இவளும் எறங்கிருவா."

அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? அவர் சொன்னது நடக்கக் கூடியதுதான். அலுவலகத்தில் பேசி, மனநோய் டாக்டர் ஒருவரை வாரம் ஒரு தடவை டாலாவுக்கு அனுப்புவதாக வாக்கும் வாங்கிவிட்டார். வெறும் வாய்ச்சொல்லோடு அவர் போகவில்லை. அதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுவேன்.

அடுத்த முறை போனபோது கூடம் நிறைய ஆள். சயாமா செல்வியின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, புத்த மடத்தில் சொன்ன மாதிரியே எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். இது சாமி இல்லை, துக்கம். துக்கம் முற்றி நோவாகியிருக்கிறது. இவளைக் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள், டாக்டர் வருவார், மருந்து வரும், குணமாகிவிடும். செல்வி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் மடியில் தலை வைத்து அழுதாள். தண்ணீர் வந்த நாளிலிருந்து அவள் அழுதது அன்றுதான். சயாமா அவள் தலையைத் தடவிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார், பார்த்தாயா என்கிற மாதிரி. நான் தலைவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை கூப்பி, சயாமா சொன்னால் சரிதான் என்று அவர் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. வாய்க்குள் குத்திக்கொண்டிருந்த மீன் முள் கையோடு வந்துவிட்டால் ஒரு மனுஷன் முகம் எப்படி இருக்கும், அப்படி.

டாக்டர் வரவில்லை. முதலில் ஆற்றைக் கடக்க அனுமதி கிடைக்கவில்லை என்றார்கள். அப்புறம் டாக்டரே வெளிநாட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். அப்புறம் டாலாவில் வேலை முடிந்தது, வடக்கே வேறு இடத்தில் வெள்ளம், எல்லோரும் அங்கே கிளம்புங்கள் என்றார்கள். சயாமா எழுதிக் கொடுத்த அறிக்கையை ஏதோ கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டி, இப்படி எழுத வேண்டும் என்று பாராட்டினார்களாம். அவர் அலுவலகத்துப் பெரிய ஆபீசருக்கு முன்னால் நின்று, பாராட்டு வேண்டாம், டாக்டர் எங்கே என்று கேட்டார். சயாமாவுக்கு ஒரு தேநீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

வடக்கிலிருந்து திரும்பி நாங்கள் டாலாவுக்குப் போகும்போது மழைக்காலம் முடிந்திருந்தது. கோயில் கூடத்தில் செல்வி இல்லை. படகுத்துறைக்குப் பின்னால் ஒரு தார்ப்பாய்க்கு அடியில், கூலிக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நோவுக்காரியைக் கோயிலுக்குள் வைத்திருந்தால் ஆகாது என்று அனுப்பிவிட்டார்களாம். மீனுவைத் தலைவரின் சொந்தக்காரர்கள் தாமுவேக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். கைக்குழந்தை பார்த்துக்கொள்ள. படிக்கவும் வைப்பார்களாம். பைத்தியக்காரியிடம் ஒரு பெண் குழந்தையை எப்படி விடுவது என்று ஊரே ஒத்துக்கொண்டதாம். உக்கிராண அறை பூட்டியே கிடந்தது.

சயாமா நேரே தலைவர் வீட்டுக்குப் போனார். தலைவர் நாற்காலி போட்டார், கலர் வாங்கி வரச் சொன்னார். சயாமா உட்காரவில்லை. பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்க யார் சொன்னது என்று கேட்டார்.

"நீங்கதானே சயாமா சொன்னீக?" என்றார் தலைவர். குரலில் கொஞ்சமும் சூடு இல்லை. "சாமின்னு நாங்க கும்பிட்டுக்கிட்டுத்தானே இருந்தோம். நோவுன்னு நீங்க சொன்னீக. படிச்சவுக சொன்னாக் கேக்கணுமில்ல? நோவு தீரட்டும், புள்ளையைத் தந்துர்றோம். செல்விகிட்டயும் அதான் சொல்லியிருக்கேன்."

சயாமா கலரைத் தொடாமல் படியிறங்கினார். வெளியே வந்ததும் முந்தானையைத் தேடுகிறவர் மாதிரி தோளைத் தடவினார். அவர் கட்டியிருந்தது தமேன். எனக்கு அவரைத் திட்ட வேண்டும் போல இருந்தது. நான்தான் சொன்னேனே, சொன்னேனே என்று வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் செய்த காரியத்தை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். அந்த அம்மன் கோயில் தீமிதித் திருவிழா வந்தது. சயாமா மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு வந்தார். வாழ்நாளில் ஒரு சூடம் ஏற்றாத மனுஷி, தட்டில் தேங்காய், பழம், வேப்பிலை எல்லாம் வைத்திருந்தார். செல்வியைக் குளிப்பாட்டி, சைக்காவில் ஏற்றிக் கோயில் வாசலுக்குக் கொண்டுவந்தோம். எதற்கு என்று அவளிடம் சொல்லவில்லை. குண்டம் கனன்றுகொண்டிருந்தது, பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் அவ்வளவு கூட்டம். தலைவர் மாலையோடு முன்னால் நின்றார். சயாமா தட்டைக் கீழே வைத்துவிட்டு, தீ மிதிக்க வந்தவர்கள் கால் நனைத்த சேற்றில், செல்வியின் காலில் விழுந்தார்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன் ஆத்தா. வந்திருந்தது நீதான். வா தாயே, வந்து நில்லு."

பம்பைக்காரர்களும் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்கள். கூட்டம் வளைத்துக்கொண்டது. தலைவரின் கை தானாகக் கன்னத்துக்குப் போகப் பார்த்தது. செல்வி கொஞ்சம் ஆடினால் போதும். தலையை ஒரு தடவை சுழற்றினால் போதும். பலகை திரும்ப வந்துவிடும், அரிசி வந்துவிடும், ஆத்தா கேட்டால் மீனுவை நாளைக்கே படகில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். ஆடுடி, ஆடித் தொலைடி என்று நான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

செல்வி குனிந்து அவரைத் தூக்கினாள். முட்டியிலும் முகத்திலும் ஒட்டியிருந்த சேற்றைத் தன் முந்தானையால் துடைத்தாள். இத்தனை பேர் முன்னால் பெரிய மனுஷி தன் காலில் விழுந்துவிட்டாரே என்று அவளுக்குத்தான் சங்கடம்.

"எந்திரிங்க சயாமா. நீங்க அன்னிக்குச் சொன்னதுதான் சரி. சாமியெல்லாம் இல்ல, எனக்கு நோவுதான். எம் புள்ளை கை வழுக்கிருச்சு, அதான். நீங்க சொன்னப்புறம்தான் எனக்கே வெளங்குச்சு." தலைவர் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நோவு தீந்தா மீனுவைத் தந்துருவாகளாம். மருந்து வருமுன்னு சொன்னீகளே சயாமா, எப்ப வரும்?"

பம்பை நின்றுவிட்டது. கூட்டம் குண்டத்துப் பக்கம் திரும்பியது. செல்வி சயாமாவின் கையை விடாமல், பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசிப் படகுக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் சொன்னேன்.